பழி பெட்டியின் மேலா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் இசையும் பேச வல்லார் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, மோட்டார் வண்டியின் கோளாறு பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் பொறியியல் கற்றவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பண்டகப் பேரேட்டில் வரவும் செலவும் பதிந்து காலங்கழிப்பவரேயாவோம். அங்ஙனமாயின் இப்பொருளில் உமக்கென்ன உரிமை என்று கேட்பீராயின், விடை எளிது. தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்கு அப்பால் ஒரு சந்தில், நெல்லைச் சீமையிலிருந்து அரை நூற்றாண்டுக்கு முன் இம்மாநகர் வந்து சேர்ந்த மிஸ்திரி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அண்ணாச்சி என்றே அனைவரும் அவரை அழைப்பர். கார்புரேட்டர் வண்டியாயின், பானட்டைத் திறப்பதற்கு முன்னரே ஓசையைக் கேட்டு எந்தச் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று கூறிவிடும் செவி அவருடையது. அவரிடம் பழைய சொகுசு வண்டி ஒன்று பழுது நீக்க வந்தபோது, அதனுடன் ஆங்கிலத்தில் அச்சான கைந்நூலும் வந்தது. அண்ணாச்சி எம்மை அழைத்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சுச் சொல்லுங்க, படத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்று வாசிக்கத் தொடங்கிய யாம் இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறோம். எம் அறிவு முழுவதும் அவர் கையும் அந்நூலின் எழுத்தும் கூடிப் பெற்றதேயன்றி வேறில்லை.

முதற்கண் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்குக் காற்றும் பெட்ரோலும் ஓரளவாகக் கலந்து உட்செல்ல வேண்டும். அக்கலவையைச் செய்யும் பழைய கருவி கார்புரேட்டர். காற்று ஓர் இடுக்கின் வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைய, அக்குறைவினால் பெட்ரோல் தானே உறிஞ்சப்பட்டுத் தூறலாகி உடன் செல்லும். குர்லாவில் உருவான பியட்டும், வங்காளத்து அம்பாசடரும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டும் நெடுங்காலம் இம்முறையிலேயே ஓடின. நம்மவர் பட்டறைகள் யாவும் இக்கருவியைக் கழுவியும் ஊதியும் வளர்ந்தவை.

மின்னணுப் பீச்சுமுறை என்பது வேறு. இங்கே பெட்ரோலைக் காற்று உறிஞ்சுவதில்லை. மின்பம்பு ஒன்று பெட்ரோலை அழுத்தத்தோடு குழாய்களில் நிறுத்திவைக்க, ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் உள்ள இஞ்செக்டர் என்னும் மின்காந்தக் கதவு, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து மூடும். எத்துணை நேரம் திறக்க வேண்டும் என்பதை ஆணையிடுவது ஒரு பெட்டி. அமெரிக்க நாட்டுப் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் இம்முறையை முதன்முதல் வெளியிட்டது. 1958ஆம் ஆண்டுக் கிரைஸ்லர் குழும வண்டிகள் ஏறத்தாழ 35இல் மட்டும் அது பொருத்தப்பட்டது. அக்காலத்து மின்னணு உறுப்புகள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை. பெரும்பாலான வண்டிகள் திரும்பவும் கார்புரேட்டருக்கே மாறின. பெண்டிக்ஸ் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமம் பெற்ற ஜெர்மானியப் போஷ் நிறுவனம் 1967இல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் ஒரு முறையை அமெரிக்கச் சந்தைக்கான வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் அமைத்தது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகிவந்த காலம் அது. பின்னர் மெர்சிடிஸ் 280 எஸ்.இ. 3.5, 350 எஸ்.எல்., வால்வோ 1800 ஈ, சித்ரோயன் டி.எஸ். 21, 1975இல் ஜாகுவார் பன்னிரண்டு சிலிண்டர் வண்டி எனச் சீமான்களின் ஊர்திகள் பலவற்றில் அது குடிபுகுந்தது. 'டி' என்ற எழுத்து அழுத்தம் என்னும் பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தாகும். இஃது ஏன் முக்கியம் என்பது பின்னர்ப் புலப்படும்.

நம் நாட்டில் வெளிநாட்டு வண்டி இறக்குமதிக்கு அக்காலத்தில் கடுங்கட்டுப்பாடு இருந்தது. தூதரகத்தார் கொண்டுவந்து, பின் அரசு வணிகக் கழகத்தின் வழியே விற்கப்பட்டவையும், வேறு வகையில் உரிமம் பெற்று வந்தவையுமாக ஒரு சில வண்டிகளே இருந்தன. பம்பாயில் செல்வரும் திரையுலகினரும் மிகுதி. ஆதலின் இங்கே அவை சற்றுக் கூடுதல் எனலாம். விற்றவர் நாட்டில் பயிற்சி பெற்ற பழுது நீக்குவோர் இருந்தனர், இங்கே இல்லை. மெர்சிடிஸ் நிறுவனமே 1995இல் தான் புனேயில் கார் உருவாக்கத் தொடங்கியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பீச்சுமுறை வண்டி கோளாறுற்றால் என்ன செய்தனர்? பெரும்பாலும் அம்முறையையே பிடுங்கி எறிந்துவிட்டு, கிடைத்த கார்புரேட்டரைத் தகடு வெட்டிப் பொருத்தினர். அவர்களை யாம் பழிக்கவில்லை. உதிரி உறுப்பும் இல்லை, நூலும் இல்லை, அந்நியச் செலாவணியும் இல்லை. வண்டியோ ஓட வேண்டும்.

இன்றோ நிலைமை வேறு. 2021ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடுவணரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டி, தன் மூல வடிவில், சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாததாக இருப்பின், அவ்வகையில் பதிவு பெறலாம். 1970ஐ ஒட்டிப் பிறந்த இப்பீச்சுமுறை வண்டிகள் இப்பொழுதுதான் ஐம்பதைக் கடந்து நிற்கின்றன. மூல முறையைக் காப்பாற்றியவனுக்கு மதிப்பு, பிடுங்கியவனுக்குத் தலைவலி. அவ்வாறு மாற்றப்பட்ட வண்டிகளைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலுமா என்று கேட்டு அண்ணாச்சியின் பட்டறைக்கு ஆள் வருவது இதனாலேயே.

இனி, பெட்டியைப் பற்றிச் சொல்வோம். இரயில்வே அன்பர்கள் இவ்வவையில் பலர் உள்ளீர். உங்களுக்கு ஓர் உவமை போதும். கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் செக்ஷன் கண்ட்ரோலர் ஒரு வண்டியையும் கண்ணால் காண்பதில்லை. நிலைய அதிபர்கள் தொலைபேசியில் உரைப்பதைக் கேட்டே எதை விடுவது, எதை நிறுத்துவது என ஆணையிடுகிறார். நிலைய அதிபர் ஒருவர் வந்த வண்டியை வரவில்லை என்று உரைத்தால், கண்ட்ரோலர் எத்துணைத் திறமைசாலியாயினும் ஆணை பிழையாகவே போகும். பீச்சுமுறைப் பெட்டியும் அவ்வாறே. எஞ்சின் வாங்கும் காற்றின் அழுத்தம், காற்றின் வெப்பம், குளிர்நீரின் வெப்பம், திராட்டில் நிலை, எஞ்சினின் சுழற்சி ஆகியவற்றை ஐந்து தூதர்கள் வாயிலாக அறிந்து அஃது ஆணையிடுகிறது. இக்காலத்துக் கணினிப் பெட்டி போன்று அதற்கு நினைவாற்றல் இல்லை. சில பத்து டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும் கொண்ட எளிய கருவி. கோளாற்று எண்ணைக் காட்டும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஸ்கேனரைச் செருகத் துளையும் இல்லை. ஆதலின் இக்காலப் பயிற்சி பெற்ற இளைஞன் அதன்முன் திகைத்து நிற்கிறான்; முற்காலப் பயிற்சி பெற்ற முதியவரோ அதைக் கண்டு அஞ்சுகிறார். இருவரும் சேர்ந்து செய்வது ஒன்றே: பெட்டியின் மேல் பழி போடுவது.

மாட்டுங்காவில் ஒரு குடியிருப்பின் முற்றத்தில் ஆறாண்டு காலம் போர்வைக்குள் கிடந்த ஜெர்மானிய வண்டி ஒன்றின் வரலாற்றைக் கூறுவோம். உரிமையாளர் நம்மவர், தந்தையார் வாங்கிய வண்டி. காலையில் செல்ப் கொடுத்தவுடன் எடுக்கும். பத்து மணித்துளி ஓடியதும் கரும்புகை கக்கும். சிக்னலில் நின்றால் அணைந்துபோகும். பின் ஆறும்வரை எடுக்காது. முன்பு பார்த்த பட்டறை ஒன்றில் பெட்டியை ஒருமுறை மாற்றினர், தீரவில்லை. வெளிநாட்டிலிருந்து இரண்டாவது பெட்டி வருவித்து மாற்றினர், அப்பொழுதும் தீரவில்லை. அக்குடும்பத்துப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒப்பான தொகை அவ்விரு பெட்டிகளில் போயிற்று. "வித்துரலாம்" என்று வீட்டார் கூற, பழைய இரும்பு விலைக்குக் கேட்டவரும் வந்து பார்த்துச் சென்றார்.

அண்ணாச்சி வண்டியைக் கேட்டார். "பெட்டி கெட்டா காலையிலயும் கெட்டுத்தானே இருக்கணும்? சூடானப்புறம் மட்டும் கெடுதுன்னா, சூட்டைச் சொல்றவன் பொய் சொல்றான்" என்றார். யாம் நூலைப் புரட்டினோம். குளிர்நீர் வெப்பத்தை அளக்கும் உணரி, 20 பாகைச் சூட்டில் ஏறத்தாழ 2,500 ஓம் மின்தடை காட்ட வேண்டும். 80 பாகையில் அஃது ஏறத்தாழ 300 ஓமாகக் குறைய வேண்டும். அதாவது, தடை மிகுந்தால் குளிர் என்றும், தடை குறைந்தால் சூடு என்றும் பெட்டி பொருள்கொள்ளும். குளிர் என்றால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். எஞ்சினைச் சூடாக்கி உணரியின் முனைகளில் மீட்டரை வைத்தோம். சரியாக 300 ஓம் அளவே காட்டியது. முன்பு பார்த்தவர்களும் இவ்விடத்தில் அளந்துவிட்டு, உணரி நன்று, ஆதலின் பெட்டியே தீது என்று முடிவு கட்டியிருத்தல் வேண்டும்.

ஆனால் பெட்டி அளப்பது அவ்விடத்தில் அன்று. பெட்டியில் செருகும் இருபத்தைந்து முனைப் பிளக்கைக் கழற்றி, உணரிக்குரிய முனைகளில் மீட்டரை வைத்தபோது, சூடான எஞ்சினிலும் 3,000 ஓமுக்கு மேல் காட்டியது. உணரியின் தலையில் செருகும் இணைப்பானுக்குள் பச்சைக் களிம்பு. கடற்காற்றும் ஆண்டுக்கு நான்கு திங்கள் மழையும் உள்ள ஊர் இது. செம்பு பச்சையாகாமல் என் செய்யும்! அக்களிம்பின் தடை உணரியின் தடையோடு கூட, கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்து கிடப்பதாகப் பெட்டி கருதியது. காலையில் உண்மையிலேயே குளிர்ந்திருந்தமையால் பொய் வெளிப்படவில்லை. கம்பியைச் சிறிது பின்னே வெட்டிப் புது முனை கோத்தோம். வண்டி அன்று மாலையே மாட்டுங்காவிலிருந்து செம்பூர் சென்று மீண்டது. புது முனையின் விலையைக் கூறினால் உரிமையாளர் மனம் வருந்துமாதலால் கூறாது விடுகிறோம். தூதனை அவன் ஊரில் சென்று விசாரிப்பது போதாது. கண்ட்ரோலரின் மேசையில் தொலைபேசியை எடுத்து அவன் குரல் எவ்வாறு கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது யாம் அன்று கற்றது.

இவ்வேலையில் முறை பெரிது. எதை முன்னர்ப் பார்ப்பது, எதைப் பின்னர்ப் பார்ப்பது என்ற வரிசை தவறினால் பொருளும் காலமும் வீண். பேட்டரியும் எர்த்தும் முதலில். செல்ப் சுற்றும்போது மின்னழுத்தம் மிகவும் விழுந்தால் இஞ்செக்டர் திறக்கச் சோம்பும். எஞ்சினோடு எர்த் கம்பி சேருமிடத்தில் துரு இருந்தால் தூதர் அனைவரும் ஒருங்கே உளறுவர். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டோம். ஆனால் அரைவாசி வண்டிகள் இங்கேயே குணமாகிவிடும் என்பது அண்ணாச்சியின் கணக்கு.

அடுத்து எஞ்சின். இங்கேதான் 'டி' என்ற எழுத்து வேலை செய்கிறது. இம்முறை காற்றை நேரே அளப்பதில்லை. மேனிபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தை அளந்து, இவ்வளவு காற்று சென்றிருக்கும் என்று ஊகிக்கிறது. நலமுள்ள எஞ்சின் ஐடிலிங்கில் ஏறத்தாழ 15 முதல் 20 அங்குல வெற்றிடம் இழுக்கும். டேப்பெட் இறுகிப்போயிருந்தாலோ, டைமிங் பின்தங்கியிருந்தாலோ, கம்ப்ரஷன் போயிருந்தாலோ வெற்றிடம் குறையும். வெற்றிடம் குறைந்தால், ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார் என்று பெட்டி எண்ணிப் பெட்ரோலைக் கூட்டும். ஆகவே புகைக்குக் காரணம் பீச்சுமுறையில் இல்லாமல் வெறும் டேப்பெட்டில் இருக்கலாம். கார்புரேட்டர் காலத்து மிஸ்திரிக்கு இது புதிய செய்தியன்று. டேப்பெட்டும் பிளக்கும் டைமிங்கும் சரிசெய்த பின்னரே கார்புரேட்டரைத் தொடுவது என்பது அவர் தம் ஆசானிடம் கற்ற பாடந்தான். புதுக் கருவியைக் கண்ட அச்சத்தில் அதனை மறந்துவிடுகிறார்.

காற்று ஒழுக்கைப் பற்றியும் ஒரு சொல். முன்னாளில் நம் இரயில் வண்டிகளில் வெற்றிடப் பிரேக் இருந்தது. எங்கேனும் ஒரு ஹோஸ் கிழிந்தால் வெற்றிடம் ஏறாது. கார்டும் ஓட்டுநரும் வண்டி நெடுகச் சீறும் ஓசையைத் தேடி நடப்பர். மோட்டார் வண்டியிலும் அதே வேலைதான். ஒரு முழ ரப்பர்க் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மேனிபோல்டைச் சுற்றித் தேடலாம். ஆனால் விளைவு முறைக்கு முறை மாறும். டி-ஜெட்ரானிக்கில் காற்று ஒழுகினால், அழுத்தம் கூடுவதால் பெட்ரோலும் கூடி ஐடிலிங் உயர்ந்து எஞ்சின் ரேஸாகும். 1974இல் வந்த எல்-ஜெட்ரானிக்கில், காற்றைக் கதவு வைத்து நேரே அளப்பதால், அளக்கப்படாமல் புகுந்த காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது; எஞ்சின் மெலிந்து தடுமாறும். ஒரே நோய்க்கு இருவேறு குறிகள்! எவ்வகை வண்டி என்று அறியாமல் மருந்து கொடுத்தலாகாது.

இனிப் பெட்ரோல். சாவியைத் திருப்பியவுடன் பின்புறத்தில் மின்பம்பு ஒன்றிரண்டு நொடி முனகி அடங்க வேண்டும். அம்முனகல் இல்லையேல் ரிலே, பியூஸ், பம்பு என்று பார்த்துச் செல்ல வேண்டியதுதான். அழுத்தம் ஏறத்தாழ 28 பவுண்டு, அதாவது 2 பார் இருத்தல் வேண்டும். டாங்கிக்குள் ஐம்பதாண்டுத் துரு இருக்கும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் குடித்த வரலாறும் இருக்கும். வடிகட்டியை மாற்றாமல் இஞ்செக்டரைக் குறைகூறுதல் முறையன்று.

ஆனால் இவ்விடத்தில் யாம் கூற விரும்புவது பழுது பற்றியதன்று, உயிர் பற்றியது. கார்புரேட்டர் வண்டியின் பம்பு தரும் அழுத்தம் மூன்று முதல் ஐந்து பவுண்டு. ஹோஸில் கீறல் விழுந்தால் பெட்ரோல் சொட்டும். பீச்சுமுறையில் அழுத்தம் அதைப் போல் பல மடங்கு. கீறல் விழுந்தால் பீச்சியடிக்கும், அதுவும் சூடான எஞ்சினின் மேல். இவ்வண்டிகளின் ரப்பர்க் குழாய்களுக்கு வயது ஐம்பது. அவற்றைச் செய்தவர் எத்தனால் கலந்த பெட்ரோலைக் கனவிலும் கருதியவரல்லர். 2023 முதல் படிப்படியாக விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. அதன் நன்மை தீமை பற்றி இங்கே வழக்காட யாம் வரவில்லை. பழைய ரப்பரை அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும் என்ற மட்டில் நிற்போம். தாராவியின் சந்துகளை நீங்கள் அறிவீர்கள். பட்டறைக்கு மேலே பரணில் ஒரு குடும்பம் உறங்குகிறது. எதிரே அடுப்பு எரிகிறது. நீட்டிய கைக்கு இரு சுவரும் எட்டும். அங்கே ஒரு குழாய் வெடித்தால், எரிவது வண்டியோடு நிற்காது.

ஆதலின் அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பீச்சுமுறை வண்டி எதுவாயினும், என்ன கோளாறென்று கேட்பதற்கு முன், பெட்ரோல் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும். உரிமையாளர் மறுத்தால் வண்டியைத் தொடுவதில்லை. மாற்றுங் குழாய் உயரழுத்தப் பீச்சுமுறைக்கென்றும் எத்தனாலுக்கென்றும் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். சாதாரணக் குழாய் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஓரிரு திங்களில் வியர்க்கத் தொடங்கும். பெட்ரோல் வழியைத் திறக்கும் வேலை சந்திற்குள் செய்யப்படுவதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும். பேட்டரி முனையைக் கழற்றியபின், தீயணைப்பான் அருகிருக்க, அழுத்தத்தை முதலில் துணி சுற்றி விடுவித்தல் வேண்டும். வேலை ஒருமணி நேரம் நீளும், வாடிக்கையாளர் முணுமுணுப்பர். முணுமுணுக்கட்டும்.

எஞ்சியவற்றை விரைந்து கூறுவோம். இஞ்செக்டர் எப்பொழுது திறக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் தொடுமுனைகள், டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஒளிந்திருக்கின்றன. எட்டுச் சிலிண்டர் மெர்சிடிஸில் அவை நான்கு. ஒவ்வொன்றும் இரண்டு இஞ்செக்டர்களுக்குப் பொறுப்பு. ஸ்குரு டிரைவரின் நுனியை இஞ்செக்டரிலும் பிடியைக் காதிலும் வைத்தால் டிக்டிக் என்ற ஓசை கேட்கும். ஒன்று மட்டும் ஊமையாயின் அந்த இஞ்செக்டரோ அதன் கம்பியோ. இரட்டையாக ஊமையாயின் தொடுமுனையோ பெட்டியில் அதற்குரிய பகுதியோ. இஞ்செக்டருக்கு நேரே பன்னிரண்டு வோல்ட் கொடுத்துச் சோதிப்பவர் உண்டு. அச்சுருளின் தடை இரண்டரை ஓம் அளவே ஆதலால் அது வெந்துபோகும்.

அழுத்த உணரி அருமையான கருவி. காற்றகற்றிய உலோகச் சிமிழ்கள் சுருங்கி விரிய, அவற்றோடு இணைந்த இரும்புத் துண்டு மின்சுருள்களுக்கிடையே நகரும். மீட்டரில் ஒரு சுருள் ஏறத்தாழ 90 ஓமும் மற்றொன்று 350 ஓமும் காட்ட வேண்டும். கைப்பம்பினால் வெற்றிடம் இழுத்துவிட்டுக் காத்திருக்க, முள் இறங்கலாகாது; இறங்கினால் உள்ளே மெல்லிய தகடு கீறிப்போயிற்று என்று பொருள். விலை மிக்கது, ஆகவே விலை மலிந்த மற்ற யாவற்றையும் பார்த்த பின்னரே இதன் மேல் ஐயம் கொள்ள வேண்டும். இதற்குள் உள்ள திருகாணியைத் திருகிப் பார்ப்பவர் கையைப் பிடித்து நிறுத்துவது நண்பர் கடமை. தொழிற்சாலையில் கருவி வைத்து அமைத்ததை நம் கண்ணளவால் அமைக்க இயலாது. திராட்டில் சுவிட்சின் தடங்கள் தேய்ந்தால் பிக்கப் திக்கித் திணறும். அதைக் கழற்றித் துடைத்தாலே பெரும்பாலும் போதும். குளிர்காலத் தொடக்கத்துக்கென்று உள்ள தனி இஞ்செக்டர் ஒழுகினாலும் கரும்புகை வரும். பம்பாயின் வெயிலில் அதற்கு வேலையே இல்லை, ஒழுகுவதற்கு மட்டும் தயங்குவதில்லை.

இவையெல்லாம் முடிந்த பின்னரே பெட்டி. அண்ணாச்சியின் பட்டறைக்கு வந்தவற்றுள் பெட்டியே நோயுற்றவை மிகச் சில. அவற்றுள் இரண்டு 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் வெள்ளத்தில் மூழ்கியவை. அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நாம் மறக்கப்போவதில்லை. மூழ்கிய வண்டியில் நீர் வடிந்தவுடன் சாவியைத் திருப்பிப் பார்த்தவர் பெட்டியை இழந்தார். திருப்பாமல் பொறுத்து, பெட்டியைக் கழற்றி, தூய நீரில் சேறு போகக் கழுவி, நாட்கணக்கில் உலர்த்தியவர் பிழைத்தார். இப்பெட்டியின் உள்ளே இருப்பவை தனித்தனி உறுப்புகள். லாமிங்டன் சாலையில் இன்றும் அவற்றுக்கு ஈடானவை கிடைக்கும். ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் பற்றவைத்துத் தந்தார். இக்காலத்துப் பெட்டி அங்ஙனம் கெட்டால் குப்பைக்கே செல்லும். பழையதன் பெருமை என்று இதனை யாம் கொண்டாடவில்லை. கைக்கு எட்டும் பெட்டி, அவ்வளவே.

அண்ணாச்சிக்கு இப்பொழுது கண்பார்வை மங்கிவருகிறது. செவி மங்கவில்லை. பட்டறைக் கதவில் தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பின் எண் எழுதப்பட்டுவிட்டது; அப்பட்டறை எவ்விடத்திற்குப் போகும், போன இடத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்குமா என்பது அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. அவரிடம் வேலை கற்ற பையன்கள் இருவர். ஒருவன் புது வண்டிகளின் பெரிய நிலையம் ஒன்றுக்குச் சென்றுவிட்டான். மாதச் சம்பளம், சீருடை, வைப்பு நிதி. போகாதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "போயிட்டு வா மக்கா" என்றே அண்ணாச்சி அனுப்பினார். மற்றவன் இருக்கிறான்; அவனுக்கும் ஆங்கில நூல் ஓடாது.

அதனால் ஈராண்டாக ஒரு வேலை செய்துவருகிறோம். கைந்நூலில் உள்ள அளவுகளையும், அண்ணாச்சி தம் வாயால் சொல்பவற்றையும் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறோம். எந்த முனையில் எத்தனை ஓம், எந்த ஓசைக்கு என்ன பொருள், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என எம் இரயில்வேப் பேரேட்டு வழக்கப்படி இடப்பக்கம் குறி, வலப்பக்கம் சோதனை. கலைச்சொல்லுக்கு அகராதியைத் தேடவில்லை. பட்டறையில் பையன் எச்சொல்லைச் சொல்கிறானோ அச்சொல்லையே இட்டோம். மூன்று குறிப்பேடுகள் நிரம்பின. அவற்றைப் படியெடுத்து ஒரு படியைச் சங்க நூலகத்தில் வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார்.

இளைஞருள் விரும்புவோர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்கு வரலாம். மீட்டர் எம்மிடம் உண்டு. பழைய சட்டை ஒன்று கொண்டுவந்தால் போதும். இப்பொழுது அங்கே நிற்பது எட்டுச் சிலிண்டர் வண்டி. இரட்டையாக இரண்டு இஞ்செக்டர் ஊமை. தொடுமுனையா, பெட்டியா என்று இன்னும் பார்க்கவில்லை.